மறு: முடவாட்டுக்காலின் பழுப்பிலைக்கு என்ன பெயர் வைக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

முடவாட்டுக்கால் என்ற பெரணியின் (ஃபெர்ன்) பழுப்பிலையை ஆங்கிலத்தில் 'நெஸ்ட் லீஃப்', அதாவது கூடு போன்ற இலை, என்பார்கள். நம் அகராதியில் அதற்கு வைக்கத் தமிழ்ச்சொல் கேட்டதற்கு வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். 'கூட்டிலை' மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடு + இலை, சந்தியில் பிழையில்லை. ஆனால் கூட்டிலை என்றால் பள்ளிப் பிள்ளைக்குக்கூட வேம்பும் புளியும் முருங்கையும்தான் நினைவுக்கு வரும். ஒரே காம்பில் பல சிற்றிலைகள் கொண்ட இலை என்ற பொருளில், தனியிலைக்கு எதிர்ச்சொல்லாக அது பாடப்புத்தகத்தில் எப்போதோ உட்கார்ந்துவிட்டது. இப்போது எழுப்ப முடியாது.

பெயர் வைக்கும் முன் பொருளை ஒருமுறை பார்த்துவிடலாம். கொல்லிமலைக்குப் போனவர்களுக்கு முடவாட்டுக்கால் தெரிந்திருக்கும். வழியோரக் கடைகளில், பழுப்பு ரோமம் போர்த்திய கிழங்கைக் குவித்து வைத்திருப்பார்கள். பார்த்தால் அசல் ஆட்டுக்கால்தான். மூட்டுவலிக்கு என்று வாங்கிப்போய் சூப் வைக்கிறார்கள். தாவரவியலில் அது டிரைனேரியா குவெர்சிஃபோலியா. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரை மரத்திலும் பாறையிலும் தொற்றி வளர்கிற பெரணி. (அந்தக் கிழங்கை நம் அகராதிகள் 'மட்டநிலத்தண்டு' என்கின்றன. இருப்பதோ மரத்தின் மேல். இதில் நிலம் எங்கே வந்தது? அது வேறு சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

இதில் இரண்டு வகை இலைகள். காம்போடு நீண்டு, ஆழமாகப் பிளவுபட்ட பச்சை இலை ஒன்று. உணவு தயாரிப்பதும் அடிப்பக்கத்தில் ஸ்போர்களை (விதைக்குப் பதிலாக இனம் பெருக்கும் நுண்தூள்) தாங்குவதும் அதன் வேலை. மற்றது காம்பில்லாமல் கிழங்கின் மேல் நேராக உட்காரும் குட்டை இலை. இளசாக இருக்கும்போது பச்சை. சீக்கிரமே பழுத்து, தடித்த காகிதம்போல் விறைத்துப்போகும். செத்த இலைதானே என்று உதிர்ந்துவிடாது, அப்படியே நிற்கும். நமக்குப் பெயர் வேண்டியது இதற்குத்தான்.

ஒருமுறை பலாமரம் ஒன்றில் கை எட்டும் உயரத்தில் இது இருந்தது. பழுப்பிலைக்கும் மரப்பட்டைக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன். மேலே மொறமொறப்பான பலாச்சருகு. கீழே போகப் போக ஈரம், காபித்தூள் மாதிரி கறுத்த மக்கு, அதற்குள் நூல்நூலாக வேர். மழை நின்று பல நாள் ஆகியிருந்தும் விரலில் ஈரம் ஒட்டியது. அப்புறம் ஒரு பூரான் எட்டிப் பார்த்ததால் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

ஆக, நிலத்து மண் எட்டாத செடி தனக்கான மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிறது. மரம் உதிர்ப்பதைக் கீழே விழுமுன் வாங்கி, மக்கவைத்து, அதில் வேர் விடுகிறது. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. இதையும் புல்லுருவியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களுக்கு இந்த ஒரு இலையைக் காட்டினால் போதும்.

இனி மற்ற பரிந்துரைகள். 'மட்கிலை' என்றால் மட்கிய இலை என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். இந்த இலையின் சிறப்போ லேசில் மட்காமல் நிற்பது. 'சருகுப்பொறி'யில் பொறி உறுத்துகிறது: பொறி என்றால் இரை வேண்டும், பூச்சியுண்ணும் செடியோடு சேர்த்துவிடுவார்கள். 'கேடய இலை' நல்ல சொல்தான், ஆனால் அதை மான்கொம்புப் பெரணிக்கு வைத்துக்கொள்வோம். அங்கேதான் அடியிலை கேடயம்போல மரத்தோடு அப்பிக்கொண்டு வேர்களை மூடுகிறது. 'ஓக்கிலை' யோசனையும் வந்தது. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தப் பழுப்பிலையின் சாயலைப் பார்த்துத்தான் 'ஓக் இலை கொண்டது' என்று பொருள்படும் 'குவெர்சிஃபோலியா' பகுதியை இனப்பெயராக வைத்தார். ஓக் மரத்தையே பார்த்திராத நமக்கு அதனால் என்ன பயன்? அவர் வடிவத்தைப் பார்த்தார், நம் மலைக்காரர்கள் கிழங்கைப் பார்த்தார்கள். இலை செய்கிற வேலைக்கு இன்னும் பெயரில்லை.

என் பரிந்துரை: சருகேந்தி.

'சருகுதாங்கி' என்றும் சொல்லலாம்தான். ஆனால் தாங்குவது பாரத்தை: சுமைதாங்கி மாதிரி. ஏந்துவது மேலிருந்து வருவதைக் கை நீட்டி வாங்குவது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ஏந்தல் என்று முடியும் ஊர்கள் எத்தனை! ஏந்தல் என்றால் மழைநீரை வாங்கி வைக்கும் சிறு ஏரி. இந்த இலையும் ஒரு சின்ன ஏந்தல்தான், தண்ணீருக்குப் பதில் சருகு.

இன்னொரு வசதியும் உண்டு. பறவைக்கூட்டுப் பெரணியில் இதற்கெனத் தனி இலை கிடையாது, வட்டமாக விரிந்த இலைக்கொத்து முழுவதுமே இந்த வேலையைச் செய்கிறது. போர்னியோவின் மழைக்காட்டில் அப்படிப்பட்ட ஒரு பெரணி ஈரத்தோடு 200 கிலோ வரை எடை இருந்ததாகவும், அதற்குள் வாழும் பூச்சி முதலான சிற்றுயிர்களின் எடை மரத்தின் மீதி உச்சி முழுவதிலும் இருப்பதற்குச் சமமாக வரக்கூடும் என்றும் 2004இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அந்தச் செடியை மொத்தமாகவே சருகேந்தி எனலாம். முடவாட்டுக்காலில் உறுப்பை மட்டும் 'சருகேந்தி இலை' என்போம்.

உங்கள் கருத்து?

---

வணக்கம் அண்ணா.

சருகேந்தி எனக்குப் பிடித்திருக்கு. இரண்டு விசயம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பெரணியைப் பன்னம் என்றும், மரத்தின் மேல் ஒட்டி வளரும் தொற்றுத்தாவரத்தை மேலொட்டி என்றும் படித்தவர்கள். அகராதியில் இரண்டையும் போடுங்கோ. மற்றது, அதற்குள் விழுவது சருகு மட்டுமோ? பூ, பட்டைத்தூள், குருவி எச்சம், செத்த பூச்சி எல்லாம்தானே? எங்கட ஊரில் இதுக்கெல்லாம் சேர்த்துக் கஞ்சல் என்று ஒரு சொல் இருக்கு. கஞ்சலேந்தி என்றால் என்ன?

---

தம்பி,

பன்னம், மேலொட்டி இரண்டும் கட்டாயம் போகும். சொல்லப்போனால் தொற்றுத்தாவரத்தைவிட மேலொட்டிதான் நல்ல சொல், தொற்று என்றால் இப்போது எல்லோருக்கும் காய்ச்சல் நினைவு வருகிறது.

கஞ்சல் பொருளுக்குச் சரியாகத்தான் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் கடலுக்கு இந்தப் பக்கம் அந்தச் சொல்லை விளக்க ஓர் அடிக்குறிப்பு வேண்டியிருக்கும். விழுவதில் பெரும்பங்கு சருகு என்பதால் அதையே வைத்து, வரையறையில் 'சருகு முதலியவற்றை' என்று போட்டுவிடுகிறேன்.

சருகேந்தி மேலொட்டி என்று எழுதும்போது நடுவில் ஒற்று மிகாது, அதுவும் ஒரு நிம்மதி.