எங்கள் சபை வலைத்தளத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன்

நண்பர்களே, தூத்துக்குடி பக்கம் எங்கள் சின்ன சி.எஸ்.ஐ. சபைக்கு நானே ஒரு வலைத்தளம் செய்திருக்கிறேன். டிசைன் என் தொழில் இல்லை. முகவரி முதல் கமெண்டில் இருக்கிறது.

முகப்பில் கோபுரப் படம் முழுத் திரையையும் அடைத்துக்கொள்கிறது. போதகர் ஐயாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, எனக்குத்தான் உறுத்தல். வெளியூரிலிருந்து அசனத்துக்கு (சபை விருந்துக்கு) வருகிறவர்கள் தேடுவது ஆராதனை நேரத்தையும் வழியையும். அதுவோ மூன்று தடவை விரலால் தள்ளிய பிறகுதான் வருகிறது. படத்தைப் பாதியாக வெட்டி, நேரத்தை மேலே கொண்டுவரலாமா?

எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். வரி இடைவெளியை எழுத்தளவைப் போல 1.4 மடங்கு வைத்ததில் மேல்வரி எழுத்துகளின் அடிச்சுழிகளும் கீழ்வரி எழுத்துகளின் மேல்வளைவுகளும் முட்டுகிற மாதிரி இருக்கிறது. 1.7 போதுமா? பொன்னிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தை அம்மாவால் வாசிக்கவே முடியவில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1 வேண்டுமாம்; என்னுடையது 2-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். சரி, அதை மாற்றிவிடுகிறேன்.

அப்புறம், பழைய மாத இதழ்கள் எல்லாம் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்தவை. ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. யூனிகோடுக்கு மாற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா, இல்லை பி.டி.எஃப். ஆகவே ஏற்றிவிடலாமா?

போனில் திறந்து பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் சபையில் கம்ப்யூட்டர் இருப்பது மூன்று வீட்டில்தான்.