கிரேடு 1 கட்டி முதுகுத்தண்டுக்குப் போகுமா?

கேள்வி:
பையனுக்கு ஏழு வயது. மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதாலமஸ் பக்கம் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற மூளைக் கட்டி, கிரேடு 1. "சாதுவான கட்டி, பரவாது" என்றார்கள். இப்போது முதுகு எம்ஆர்ஐயில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதாம். கட்டி கெட்டதாக மாறிவிட்டதா? வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவே இல்லை.

பதில் 1:
அண்ணா, அப்படி முடிவு கட்டாதீர்கள். கிரேடு என்பது கட்டியின் வேகத்தைத்தான் முக்கியமாகச் சொல்லும். மூளையைச் சுற்றியுள்ள நீரில் செல்கள் மிதந்து போய்த் தண்டுவட உறையில் ஒட்டிக்கொள்வது அபூர்வம், ஆனால் உண்டு. ஹைப்போதாலமஸ் கட்டிகளில் கொஞ்சம் அதிகம். போன இடத்திலும் பெரும்பாலும் மெதுவாகவே வளரும். ஒன்று கேளுங்கள்: 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் மூளைக் கட்டிப் பட்டியலில் சேர்ந்த வேறு வகை, உறை முழுக்கப் பரவும் கிளையோநியூரோனல் கட்டி, இது இல்லை என்று நோயியல் மருத்துவர் பார்த்தாரா?

பதில் 2:
என் மகளுக்கும் இதேதான். கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்துகள் கொடுத்தார்கள். புள்ளிகள் மறையவில்லை, வளரவும் இல்லை, பள்ளிக்குப் போகிறாள். கட்டியில் பிராஃப் (BRAF) மரபணு மாறியிருக்கிறதா என்ற சோதனையை அவசியம் செய்யுங்கள். அந்த மாற்றம் இருந்து, கீமோவுக்குப் பிறகும் வளர்ந்தால் டோவோராஃபெனிப் மாத்திரை உண்டு. 2024இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலைதான் பயமுறுத்தும்.

கேட்டவர்:
நன்றி அக்கா. சோதனைக்கு எடுத்து வைத்த கட்டித் துண்டை (பயாப்ஸி பிளாக்) நாளைக்கே கேட்டு வாங்குகிறேன்.