40 பேருக்கு களி கிண்டணும், ஐடியா குடுங்க

மக்களே நான் காவேரிப்பட்டணம், ஜெர்மனில மாஸ்டர்ஸ் படிக்கிறேன், லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன். அங்க சனிக்கிழமையானா டாஃபல்ல வாலன்டியரா போவேன், சூப்பர்மார்க்கெட்ல மிஞ்சுற ரொட்டி காய்கறிய வாங்கி பிரிச்சு இல்லாதவங்களுக்கு குடுக்குற இடம், மொத நாளே பனில சைக்கிளோட வழுக்கி விழுந்து முட்டைக்கோசெல்லாம் ரோட்ல உருண்டது தனிக்கதை. இப்ப உங்க ஊர் சாப்பாடு ஒருநாள் செய்யின்னாங்க, நானும் ராகி களி, கொள்ளு கடைசல்னு வாய விட்டுட்டேன். கரண்ட் அடுப்புதான், துடுப்பும் கிடையாது. எத்தனை கிலோ மாவு, தண்ணி எவ்ளோ, கட்டி விழாம எப்படி? அம்மாவ கேட்டா எல்லாம் கை அளவுதாங்குது. மாம்பழத்த சர்டிபிகேட் இல்லாம உள்ள விடமாட்டாங்க, அதனால மாம்பழக்கூழ் டின்னு எடுத்துட்டு போறேன், பெட்டில நசுங்காம எப்படி வைக்கிறதுன்னும் சொல்லுங்க. வியாழக்கிழமை ஃப்ளைட்டு.