டெல்டாவின் ஈரக்காற்றில் தலைமுடிக்கேற்ற ஹேர் டிரையர்: அனுபவப் பகிர்வு

மயிலாடுதுறையிலிருந்து, மணப்பெண் அலங்காரம் செய்பவர்:

ஹேர் டிரையர் வாங்குவதற்கு என்னிடம் யோசனை கேட்பவர்கள் எத்தனை வாட்ஸ், என்ன விலை என்றுதான் தொடங்குகிறார்கள். நான் அவர்களைப் பின்னலை அவிழ்த்துவிட்டு அருகில் வந்து உட்காரச் சொல்வேன். முடியிழை மெல்லியதா தடித்ததா, அடர்த்தி எவ்வளவு, நேராக விழுகிறதா சுருள்கிறதா, சாயமோ, முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங்கோ ஏறியிருக்கிறதா, தலைக்குக் குளித்தால் காய்வதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பவை தெரியாமல் ஒரு டிரையரைப் பரிந்துரைக்க என்னால் இயலாது.

இவற்றில் கடைசிக் கேள்விக்கு நம் பகுதியில் தனி முக்கியத்துவம் உண்டு. சித்திரை வெயிலில் மின்விசிறிக்கு அடியில் சற்று நேரம் உட்கார்ந்தாலே கூந்தல் காய்ந்துவிடும். ‘ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை’ என்று சொல்லப்படும் பருவத்திலோ காற்றே நீரைச் சுமந்து நிற்பதால் முடியின் ஈரம் வெளியேற வழியில்லாமல் போகிறது. அந்த ஐப்பசியில்தான் துலா ஸ்நானமும் வருகிறது. விடியற்காலையில் காவிரியின் துலாக் கட்டத்தில் முழுகிவிட்டு, மாயூரநாதரைத் தரிசித்துவிட்டு, காயாத தலையைக் கொண்டையாக முடிந்துகொண்டு அப்படியே வேலைக்குப் போகிற பெண்களுக்குப் பிடரியில் அரிப்பும் பொடுகும் கூடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பொடுகோடு தொடர்புடைய மலாசீசியா என்னும் பூஞ்சை எல்லோருடைய தலைத்தோலிலும் இயல்பாகவே வாழ்வது. எண்ணெய்ப்பசையும் ஈரமும் தங்கி நிற்கும் தலையில் அது செழிக்கிறது. ஆகவே இங்கு டிரையரின் முதல் வேலை தலைத்தோலையும் பிடரியையும் உலர்த்துவதுதான். அலங்காரமெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

குத்தாலம் பக்கத்துக் கிராமத்தில் கார்த்திகை மாதத்து அதிகாலை முகூர்த்தம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். மணப்பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் அடர்ந்த கூந்தல். தலைக்குக் குளிப்பாட்டிய பிறகு, அவளுடைய சித்தி பயணத்துக்கென்று வைத்திருந்த 1000 வாட்ஸ் மடக்கு டிரையரை உச்சச் சூட்டில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். மேல்முடி மொரமொரப்பாகக் காய்ந்திருந்தது. விரலை உள்ளே விட்டுப் பார்த்தால் பிடரி சொதசொதவென்று இருந்தது. ஈரம் காயாத முடியில் சவுரியை வைத்து இறுக்கிப் பின்னினால், நீர் ஏறி ஊதிப் பலவீனப்பட்டிருக்கும் இழைகள் இழுவை தாங்காமல் அறுந்துபோகும். மாலை வரவேற்புக்குள் நாற்றமும் எடுத்துவிடும். நான் கொண்டுபோயிருந்த 1800 வாட்ஸ் டிரையரை மண்டபத்து அறையின் பவர் பிளக்கில் செருகி, கூந்தலை நான்கு பாகமாகப் பிரித்து, மேற்பாகங்களைத் தூக்கிக் கிளிப் போட்டுவிட்டு, பிடரியிலிருந்து தொடங்கினேன். வேகம் உச்சத்தில், சூடு நடுத்தரத்தில். ஜடை அலங்காரத்துக்குப் பூ வந்து சேர்வதற்குள் உட்புறம் வரை உலர்ந்துவிட்டது.

இரண்டு கருவிகளுக்கும் இடையிலான வேறுபாட்டை வாட்ஸ் எண் மட்டும் சொல்லிவிடாது. பெரும்பாலான டிரையர்களில் மைக்கா தகட்டில் சுற்றிய நிக்ரோம் கம்பி காற்றைச் சூடாக்குகிறது. பின்னால் இருக்கும் விசிறி அந்தக் காற்றைத் தள்ளுகிறது. முடியைச் சூழ்ந்து நிற்கும் ஈரமான காற்றை விலக்கி அந்த இடத்தில் உலர்ந்த காற்றைக் கொண்டுவருவது விசிறியின் பணி. விசிறி வலுவற்றதாக இருந்தால் மேலடுக்கு வெந்துகொண்டிருக்கும்போதே உள்ளடுக்கு நனைந்தபடி இருக்கும். அடர்ந்த நீள முடியுள்ளவர்கள் காற்றின் வேகத்துக்காகவே பெரிய டிரையரை வாங்க வேண்டும், கூடுமானால் ஏ.சி. மோட்டார் (மாறுமின்னோட்டத்தில் ஓடும் மோட்டார்) உள்ளதாகப் பார்க்கலாம். அது சற்றுக் கனமானது, ஆனால் நீடித்து உழைக்கும். தோள்வலி உள்ளவர்கள் கடையிலேயே அதைத் தலைக்கு மேல் தூக்கிச் சில நிமிடங்கள் பிடித்துப் பார்த்த பிறகு முடிவு செய்வது நல்லது.

இதே டிரையர் மெல்லிய முடிக்குத் தீங்காக முடியும். கல்லூரி மாணவி ஒருத்தி, பார்லரில் பார்த்தது போன்றதே வேண்டுமென்று 2000 வாட்ஸ் டிரையரை வாங்கி, சொட்டச் சொட்ட நனைந்த முடியின்மேல் அதன் வாயை ஒட்டிவைத்துக் காயவைத்து வந்திருக்கிறாள். நுனியிலிருந்து ஒரு சாண் உயரம் வரை முடி பொடிப்பொடியாக உடைந்திருந்தது. நனைந்த இழை மிகுந்த சூட்டில் அகப்பட்டால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழ்களை உண்டாக்கும். குமிழ் விட்ட இடத்தில் இழை முறியும். அவளிடம் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, சூட்டையும் வேகத்தையும் தனித்தனியாகக் குறைக்கக்கூடிய 1000 அல்லது 1200 வாட்ஸ் டிரையரைப் பயன்படுத்தச் சொன்னேன். மெல்லிய முடி தாங்கும் நீரே குறைவு என்பதால் அதற்கு இது தாராளமாகப் போதும்.

இதைக் கேட்டு, டிரையரே வேண்டாம், தானாகவே காயட்டும் என்று முடிவெடுத்துவிடவும் வேண்டியதில்லை. 2011-இல் வெளியான கொரிய ஆய்வு ஒன்றில், முடிக்கற்றைகளை 5, 10, 15 செ.மீ. தூரங்களில் டிரையரால் உலர்த்தியும், டிரையரே இல்லாமல் காயவிட்டும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நெருங்க நெருங்க மேற்பரப்புச் சேதம் கூடியது, 5 செ.மீ. தூரத்தில் காற்று 95 டிகிரி வரை சூடாக இருந்தது. ஆனால் நெடுநேரம் ஈரமாகவே இருந்து தானாகக் காய்ந்த முடியில், இழையின் மேற்பரப்பை மூடியிருக்கும் நுண்ணிய செதில்களுக்கு இடையே உள்ள இணைப்புப் படலம் பழுதுபட்டிருந்தது. 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே உலர்த்துவது, காயவிட்டுக் காத்திருப்பதைக் காட்டிலும் முடிக்கு நல்லது என்றே அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். மழைக்காலத்தில் மணிக்கணக்காக ஈரத் தலையோடு இருக்க நேரும் நமக்கு இது மிகவும் பொருந்தும்.

பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் அயனி, டூர்மலின் என்னும் கனிமம் முதலியவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்குமாறு நான் யாருக்கும் சொல்வதில்லை. எதிர்மின் அயனிகள் முடியில் தேங்கும் நிலைமின்னைத் தணிப்பது உண்மைதான்; ஆனால் நிலைமின் தொல்லை வறண்ட காற்றில் வருவது. நம் ஊரில் முடி பறப்பதற்குக் காரணம், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உப்பிக்கொள்வதுதான். உலர்ந்த பிறகு உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து நுனிமுடியில் தடவினால் அதற்குப் போதும்.

திருவாரூரிலிருந்து, நடனம் பயிலும் மகளின் தாய்:

அக்கா, சுருட்டை முடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்பதால் என் மகளின் அனுபவத்தைச் சொல்கிறேன். அவளுக்கு அப்பா வழியில் வந்த அடர்ந்த சுருட்டை. சிவராத்திரியை ஒட்டி மயிலாடுதுறையில் நடக்கும் நாட்டியாஞ்சலிக்கு அவள் முதன்முதலாகத் தயாரானபோது, ஒப்பனை அறையில் ஒருவர் சாதாரண டிரையரை வேகமாக வைத்துக் காட்டியதில் சுருள்களெல்லாம் பிரிந்து பஞ்சாகப் பரந்து நின்றுவிட்டன. ராக்கொடி வைக்க வகிடு எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. பிறகு எங்கள் ஊர்ப் பார்லர் பெண் ஒருவர் டிஃப்யூசரைக் காட்டினார். விரல் போன்ற முனைகள் கொண்ட அகன்ற கிண்ணமாக அது இருக்கிறது. காற்றைப் பரப்பி மெதுவாக வெளியே விடுவதால் சுருள்கள் ஒன்றையொன்று பிரியாமல் அப்படியே உலர்கின்றன. தலையைக் கவிழ்த்து, சுருள்களைக் கிண்ணத்துக்குள் அள்ளி வைத்து, குறைந்த சூட்டிலும் குறைந்த வேகத்திலும் காட்ட வேண்டும். இடையில் சீப்பு போடவே கூடாது. நேரம் அதிகமாகத்தான் ஆகிறது, ஆனால் முடி சொன்னபடி கேட்கிறது.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஃப்யூசர் எல்லா டிரையருடனும் வருவதில்லை. தனியாக வாங்கினால் டிரையரின் வாய் அளவுக்கு அது பொருந்துகிறதா என்று கையில் வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். டிரையருடன் பெரும்பாலும் தரப்படும் தட்டையான குறுகிய மூக்கு நேர்முடிக்காரர்களுக்கு உரியது. காற்றை வேரிலிருந்து நுனி நோக்கிச் செலுத்தினால் செதில்கள் படிந்து முடி மினுங்கும். சுருட்டை முடிக்காரர்களுக்கு அதனால் பயன் இல்லை.

பாபநாசத்திலிருந்து, ஓய்வுபெற்ற மின் பணியாளர்:

முடியைப் பற்றி எனக்குத் தெரியாது அம்மா. பிளக்கைப் பற்றித் தெரியும். படுக்கையறையில் மின்விசிறி சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய பிளக் 6 ஆம்ப் தாங்குவது. 230 வோல்ட்டில் அது 1380 வாட்ஸ் வரைக்கும்தான் வரும். 2000 வாட்ஸ் டிரையர் ஏறத்தாழ 8.7 ஆம்ப் இழுக்கும் என்பதால் அதை 16 ஆம்ப் பவர் பிளக்கில்தான் போட வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் பவர் பிளக் சமையலறையிலும் ஏ.சி. இருக்கும் அறையிலும்தான் இருக்கிறது. அதனால் மருமகள்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துப் பெரிய டிரையரைப் போடுகிறார்கள். பாக்ஸ் உருகிப்போய் என்னைக் கூப்பிட்ட வீடுகள் பல உண்டு. பவர் பிளக் இல்லாத அறையில் பயன்படுத்துவதானால் 1200 வாட்ஸுக்கு மேல் வாங்காதீர்கள்.

வோல்ட்டேஜ் குறையும் கிராமத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வோல்ட்டேஜ் 190-க்கு இறங்கினால் கம்பியின் சூடு அதே விகிதத்தில் இறங்காது. இருமடி விகிதத்தில் இறங்கும். 1200 வாட்ஸ் என்று எழுதியிருக்கும் டிரையர் அப்போது ஏறத்தாழ 820 வாட்ஸ்தான் தரும், விசிறியும் சோர்ந்துவிடும். டிரையர் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போகுமுன் மின்சாரத்தைப் பாருங்கள். மழைநாளில் கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் டிரையரைப் போட வேண்டாம். விளக்கு, விசிறிக்காக வாங்கிய இன்வெர்ட்டர் அந்தச் சுமையைத் தாங்காது. ஈரக் கையோடும் குளியலறையிலும் டிரையரைத் தொடவே கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால், டிரையருக்கு முன்பாக அதை வாங்கிப் பொருத்துங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து, கைக்குழந்தையின் தாய்:

எனக்குக் குழந்தை பிறந்து நான்காவது மாதம் நடக்கிறது. அம்மா வீட்டில் இருந்தவரை தலைக்குக் குளித்ததும் தூபக்காலின்மேல் கூடையைக் கவிழ்த்து, கூந்தலை அதில் பரப்பிச் சாம்பிராணிப் புகை காட்டுவார்கள். புகை குழந்தைக்கு ஆகாது என்று மருத்துவர் சொன்னதால் டிரையருக்கு மாறினேன். இப்போது கொத்துக்கொத்தாக முடி கொட்டுகிறது. மாமியார் டிரையர்தான் காரணம் என்கிறார். நிறுத்திவிடவா அக்கா?

மயிலாடுதுறையிலிருந்து, மணப்பெண் அலங்காரம் செய்பவர்:

தங்கையே, கொட்டிய முடியில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெண்மணி போன்ற வேர் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. இரு முனையும் மொட்டையாக, நீளமும் குறைவாக இருந்தால் அது இடையில் உடைந்த முடி. சரியாகப் பயன்படுத்தாத டிரையர் முடியை உடைக்கும். வேரோடு உதிரச் செய்வது அதன் வேலையன்று. கருவுற்றிருக்கும்போது ஹார்மோன்களால் உதிராமல் நின்ற முடி, பிரசவத்துக்குப் பின் இரண்டிலிருந்து நான்கு மாதங்களில் ஒருசேர உதிரத் தொடங்குவது இயல்பானது. பெரும்பாலோருக்குக் குழந்தையின் முதல் ஆண்டு நிறைவுக்குள் சரியாகிவிடும். மாமியாருக்கும் அந்த வெண்மணியைக் காட்டுங்கள், புரிந்துகொள்வார். உதிர்வு அதற்குப் பிறகும் நீடித்தாலோ வட்டவட்டமாகச் சொட்டை விழுந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் கடலோரத்தில் இருக்கிறீர்கள். பிடரி ஈரம் லேசில் போகாது. ஆகவே டிரையரை நிறுத்த வேண்டாம். குளிர்காற்றுக்கு மாற்றும் கூல் ஷாட் பொத்தான் உள்ளதாக வைத்துக்கொண்டு, முக்கால் பங்கு மிதமான சூட்டில் உலர்த்தி, கடைசியில் குளிர்காற்றுக்கு மாற்றுங்கள். நனைந்தபோது முடிக்குள் அவிழும் ஹைட்ரஜன் பிணைப்புகள் உலரும்போதுதான் மீண்டும் பிணைகின்றன. ஆறிய காற்றில் முடித்தால் வாரிய வடிவம் நிலைக்கும், தலைத்தோலும் காந்தாது. எண்ணெய் வைத்த தலையில் டிரையரைக் காட்டாதீர்கள். எண்ணெய்க் குளியல் நாளில் சீயக்காய் போட்டு முழுவதும் அலசிய பிறகே காட்ட வேண்டும். குழந்தை உறங்கும் அறையில் ஓட்டுவதாக இருந்தால் குறைந்த வேகத்தில் எழும் இரைச்சலைக் கடையிலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சாயம் போட்ட முடிக்கும் ஸ்மூத்தனிங் செய்த முடிக்கும் என்ன வாங்குவது என்று தனியாகக் கேட்டவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அவற்றின் மேற்செதில்கள் முன்னமே நலிந்திருப்பதால், மூன்று நிலைச் சூடு உள்ளதை வாங்கி மிகக் குறைந்த நிலையிலேயே பயன்படுத்த வேண்டும். ஆண்களின் கிராப்புக்கு 1000 வாட்ஸே மிகுதி.

கோடை முழுவதும் பரணில் கிடந்த டிரையரை ஐப்பசியில் எடுக்கும்போது, பின்பக்க வலையைப் பழைய பல் துலக்கியால் துடைத்து, அதில் சிக்கியிருக்கும் தூசியையும் முடியையும் நீக்குங்கள். காற்று நுழையும் வழி அடைத்திருந்தால் உள்ளே சூடு ஏறி, பாதுகாப்புக்காக டிரையர் தானாகவே நின்றுவிடும். முதலில் தலையிலிருந்து தள்ளிப் பிடித்துச் சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். தூசி கருகும் வாடை போகாமல் தொடர்ந்தாலோ பொறி தெரிந்தாலோ அதைப் பயன்படுத்தாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.