ஸ்டோர்ட் புரொசீஜருக்கு அனுப்பிய மதிப்பு வழியில் மாறிப்போன அனுபவங்கள்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை வெப் அப்ளிகேஷனாக மாற்றும் வேலை எங்களுக்கு வந்தது. முன்பக்கம் ஏஎஸ்பி டாட் நெட், பின்னால் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸ். பழைய ஸ்டோர்ட் புரொசீஜர்கள் (டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த சிறு புரோகிராம்கள்) அப்படியே இருக்கட்டும், திரைகளை மட்டும் புதிதாக எழுதினால் போதும் என்று முடிவானது. பிரச்சினை தொடங்கியது உறுப்பினர் பெயரில். 'முருகன்' என்று அடித்துச் சேமித்தால், திரும்ப எடுக்கும்போது ஏழு கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன.

டேபிளில் அந்த ஃபீல்டு என்வார்சார்தான், அதாவது எல்லா மொழி எழுத்தையும் யூனிகோடாக ஏற்கும் வகை. அப்ளிகேஷனிலிருந்து போனதும் யூனிகோடுதான். ஆனால் புரொசீஜரின் தொடக்கத்தில் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளும் பாராமீட்டர் வார்சார் என்று இருந்தது, அது கோட்பேஜை நம்பும் பழைய வகை. விண்டோஸில் தமிழுக்கென்று பழைய ஆன்சி கோட்பேஜ் (எழுத்துகளுக்கான குறியீட்டு அட்டவணை) கிடையாது. அதனால் வார்சார் பாராமீட்டருக்குள் நுழைந்த உடனேயே ஒவ்வொரு குறியீடும் கேள்விக்குறியாகிவிடும். கண்ணுக்கு நாலு எழுத்து, ஆனால் உகரக் குறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதால் ஏழு. இதில் எங்கேயும் எர்ரர் வராது என்பதுதான் கொடுமை. எஸ்கியூஎல் சர்வர் 2019 பதிப்பிலிருந்து வார்சாரிலேயே யூனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-8 வைக்க வழி இருக்கிறது. ஆனாலும் பழைய டேட்டாபேஸ் கைக்கு வந்தால் என்வார்சார்தான் நிம்மதி.

சரி, வகையை மாற்றியாயிற்று, முடிந்தது என்று பார்த்தால், சில நாள் கழித்து வேறொரு புகார். 'மீனாட்சிசுந்தரம்' என்ற பெயர் கடைசிப் புள்ளி இல்லாமல் 'மீனாட்சிசுந்தரம' என்று பாஸ்புக்கில் அச்சாகிறது. எல்லோரும் டேட்டா என்ட்ரி செய்த பெண்ணைத்தான் திட்டினார்கள். அந்தப் பெண் சரியாகத்தான் அடித்திருந்தார். பாராமீட்டரின் நீளம் 15, அந்தப் பெயருக்குத் தேவை 16. டேபிளில் நேராக இன்சர்ட் செய்து, அங்கே ஃபீல்டு சிறியதாக இருந்திருந்தால், சர்வர் எர்ரர் கொடுத்து நிறுத்தியிருக்கும். பாராமீட்டருக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. நீளத்துக்கு மேல் வருவதை நறுக்கிவிட்டு வேலையைத் தொடரும். நறுக்கியது புள்ளியாக இருந்ததால் எழுத்துப்பிழை மாதிரியே தெரிந்தது. ஆங்கிலப் பெயராக இருந்தால் இவ்வளவு நாள் தப்பியிருக்காது.

இன்னொரு புரொசீஜரில் என்வார்சார் என்று மட்டும் எழுதி, நீளமே போடவில்லை. அப்படி எழுதினால் நீளம் 1. அதன் வழியாகப் போன முருகன் 'ம' என்று மட்டும் பதிவானார்.

அதன்பிறகு நாங்கள் எல்லா புரொசீஜர்களையும் ஒருமுறை சலித்துப் பார்த்தோம். எஸ்கியூஎல் சர்வரில் பாராமீட்டர்களின் விவரம் எல்லாம் sys.parameters என்ற வியூவில் (பட்டியல் போலப் படிக்கக்கூடியது) இருக்கும். அந்த வியூவையும், ஃபீல்டுகளின் விவரம் உள்ள sys.columns வியூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பாராமீட்டர் தன் ஃபீல்டைவிடச் சிறியது என்று தெரிந்துவிடும். அதில் நீளம் பைட்டில் வரும், என்வார்சார் 15 என்றால் 30 என்று காட்டும். அப்புறம் அப்ளிகேஷனின் சி ஷார்ப் கோடு பக்கம் பாராமீட்டரின் 'சைஸ்' சிறியதாக இருந்தாலும் இதே மாதிரி சத்தமில்லாமல் வெட்டுப்படும். நீளச் சோதனையை அதற்கு முன்பே, திரையிலேயே செய்துவிடுவது நல்லது.

*

மேலே உறுப்பினர் பெயரைப் பற்றி எழுதியவர் சொன்ன அதே வகைதான், எங்களுக்கு எண்ணில் வந்தது. வட்டி விகிதம் 8.75 என்று போட்டால் 9 என்று சேமிக்கும். பாராமீட்டர் வெறும் டெசிமல் என்று இருந்தது. அடைப்புக்குறிக்குள் எதுவும் தராவிட்டால் 18 இலக்கம், தசமத்துக்குப் பின் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். பணம் சம்பந்தப்பட்ட புரொசீஜர் எதுவாக இருந்தாலும் முதலில் இந்த ஒரு வரியைப் பாருங்கள்.

*

ஆரக்கிளில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. ஆரக்கிளின் டாட் நெட் டிரைவரில் பாராமீட்டருக்கு என்ன பெயர் கொடுத்தாலும், இயல்பாக அது பெயரைப் பார்க்காது, வரிசையைத்தான் பார்க்கும். எங்கள் விடுப்பு விண்ணப்பத் திரையில் 'வரை' தேதியை முதலிலும் 'முதல்' தேதியை அடுத்தும் சேர்த்திருந்தார்கள். இரண்டும் தேதி என்பதால் எர்ரர் வர வழியில்லை. இடம் மாறிப் பதிவாகி, விடுப்பு நாள்கள் மைனஸில் போய் நின்றன. கமாண்டில் 'பைண்ட்பைநேம்' (பெயரைப் பார்த்துப் பொருத்து) என்ற அமைப்பை ட்ரூ ஆக்கியதும் சரியானது. எஸ்கியூஎல் சர்வரிலிருந்து ஆரக்கிளுக்கு மாறுகிற டீமில் இதை யாராவது முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

*

மைஎஸ்கியூஎல்லில் நான் பார்த்தது இதைவிட மோசம். ஒரு டியூஷன் சென்டரின் பிஎச்பி அப்ளிகேஷன். ஒரு மாணவரின் போன் நம்பரை மாற்றினால் எல்லா மாணவருக்கும் அதே நம்பர் வந்துவிட்டது. பிஎச்பி கோடு சுத்தம், பாராமீட்டரும் சரியாகப் போகிறது. புரொசீஜரைத் திறந்தால், பாராமீட்டரின் பெயர் 'ஐடி', டேபிள் ஃபீல்டின் பெயரும் 'ஐடி'. எந்த வரியை மாற்றுவது என்று சொல்லும் வேர் (WHERE) பகுதியில் 'ஐடி = ஐடி' என்று எழுதியிருந்தார்கள். மைஎஸ்கியூஎல் இரண்டு பக்கமும் பாராமீட்டரையே எடுத்துக்கொள்ளும். அப்போது நிபந்தனை எல்லா வரிக்கும் உண்மை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இந்த மாதிரிப் பெயர் மோதினால் குழப்பம் என்று சொல்லி நிறுத்திவிடும், அந்த விஷயத்தில் எனக்கு அதன் மேல் மரியாதை அதிகம். இப்போது நாங்கள் பாராமீட்டர் பெயர் எல்லாவற்றுக்கும் முன்னால் 'பி' போட்டு ஒரு அடிக்கோடும் வைக்கிறோம். நல்லவேளை, அந்த சென்டரில் முந்தின இரவு எடுத்த பேக்கப் இருந்தது. நம்பர்களை அதிலிருந்து மீட்டுக் கொடுத்தோம்.