ஓவர்டிரைவ் பெடல்: பாகங்கள் சரி, ஒலி மட்டும் வரவில்லை

புதுத்தந்தி:
கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டியூப் ஸ்கிரீமர் டிஎஸ்808 பெடலின் சர்க்யூட்டை வெரோபோர்டில் (செம்புப் பட்டைகள் உள்ள துளைப் பலகை) கட்டினேன். எல்.இ.டி எரிகிறது, பைபாஸில் (பெடலை ஆஃப் செய்து வைத்தால்) கிட்டார் கேட்கிறது. ஆன் செய்தால் லேசான இரைச்சல் மட்டும். போர்டில் இருந்தபடியே அளந்ததில் ஒரு 10கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் 7கே காட்டுகிறது. ஒலியலையின் முனையை வெட்டும் கிளிப்பிங் டையோடுகள் இரண்டு பக்கமும் 0.6 வோல்ட். முதல் டிரான்சிஸ்டரின் பேஸ் காலில் 2.8 வோல்ட், எமிட்டர் காலில் 3.4. டையோடையும் டிரான்சிஸ்டரையும் மாற்றிவிடவா?

ஈயப்புகை:
எதையும் கழற்றாதீர்கள் தம்பி. அந்த இரண்டு டையோடும் எதிரெதிராகச் சேர்ந்திருப்பவை. இரு பக்கமும் 0.6 வந்தால்தான் இரண்டுமே நலம். ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். 10கே குறைவாகக் காட்டுவதும் இயல்பு, கரண்ட் பக்கத்து வழிகளிலும் போகிறது. மதிப்பைவிடக் கூடுதலாகக் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

டிரான்சிஸ்டர் விஷயம் சுவாரஸ்யமானது. இந்த என்.பி.என் வகை டிரான்சிஸ்டர் ஓடும்போது பேஸ், எமிட்டரைவிடச் சுமார் 0.6 மேலே இருக்க வேண்டும். உங்களுக்குத் தலைகீழாக வரக் காரணம் மீட்டர்தான். பேஸுக்கு வோல்டேஜ் வருவது 510கே ரெசிஸ்டர் வழியாக. விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றின் உள்தடை 1 மெகா ஓம்தான், வைத்த உடனே அந்த இடத்தைக் கீழே இழுத்துவிடும். எமிட்டரில் 3.4 வருகிறதே, அது போதும்.

அப்புறம், ஒலியைப் பெருக்கும் 4558 ஐசியின் எட்டுக் கால்களிலும் வோல்டேஜ் அளந்து போடுங்கள். கருப்பு முனை கிரவுண்டில்.

புதுத்தந்தி:
8ஆம் காலில் 9.1 வோல்ட், 4ல் 0. மற்றதெல்லாம் 4.5, 7ல் மட்டும் 8.2.

ஈயப்புகை:
சரி, பிடிபட்டது. 5, 6 இரண்டும் சமமாக இருக்க, 7 மேலே போய் ஒட்டிக்கொண்டால், வெளியீடு திரும்ப 6க்கு வந்து சேரவில்லை. டோன் பகுதியில் அந்த வேலையைச் செய்வது 7க்கும் 6க்கும் நடுவிலுள்ள 1கே ரெசிஸ்டர். பவரை எடுத்துவிட்டு, ரெசிஸ்டரின் கால்களில் வைக்காமல் ஐசியின் காலிலிருந்து காலுக்கு அளந்து பாருங்கள். ரெசிஸ்டரின் மேலேயே அளந்தால் ரெசிஸ்டர் நலம் என்று மட்டும்தான் தெரியும், சாலிடர் பிடித்ததா என்று தெரியாது. வீட்டில் கட்டும் பெடல்களில் பாகம் கெடுவதைவிட இணைப்பு விட்டுப்போவதுதான் அதிகம் என்பது என் அனுபவம்.

ஆறாம்கம்பி:
காதாலும் தேடலாம். ஒரு கம்பி முனையில் 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டரைச் சேர்த்து, மறுமுனையை ஆம்புக்குக் கொடுங்கள்; கேபிளின் கிரவுண்டைப் பெடலின் கிரவுண்டோடு இணையுங்கள். கிட்டாரை வாசித்துக்கொண்டே கபாசிட்டரின் மறு காலால் ஐசியின் 1, 5, 7 என்று தொட்டுப் போனால் ஒலி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஆம்ப் வால்யூம் குறைவாக இருக்கட்டும், தொடும்போது படாரென்று கேட்கும்.

புதுத்தந்தி:
ரெசிஸ்டரின் மேல் அளந்தால் சரியாக 1கே. ஐசியின் 7லிருந்து 6க்கு அது வரவில்லை. 7 பக்கத்துக் கால் துளைக்குள் நிற்கிறது, ஈயம் அதைச் சுற்றி வளையமாக மட்டும் இருந்தது. மறுபடி சூடாக்கிப் புது ஈயம் விட்டேன். இப்போது 7லும் 4.5 அண்ணா, டிரைவ் அருமையாகக் கடிக்கிறது!