அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவின் மறதி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 76. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால், முழு மயக்கம் கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, வாக்கர் பிடித்து நடக்கிறார். பிரச்சினை மறதிதான். முதல் சில நாட்கள் என்னைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார், இரவெல்லாம் போர்வை ஓரத்தைப் பிடித்து எதையோ தேடினார். அந்தக் குழப்பம் தெளிந்துவிட்டது. ஆனால் பால் கணக்கை மனதிலேயே போடுபவர், இப்போது ஆவின் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் மயக்க மருந்தைத்தான் திட்டுகிறார்கள். தேடிப் படித்ததில் அது அவ்வளவு நேரடியாகத் தெரியவில்லை. 1998இல் வந்த பெரிய ஆய்வொன்றில், 60 வயது கடந்தவர்களில் ஒரு வாரம் கழித்து சுமார் 26 சதவீதம் பேருக்கும், மூன்று மாதம் கழித்து 10 சதவீதம் பேருக்கும் இந்தத் தடுமாற்றம் இருந்தது. 2021இல் இடுப்பெலும்பு நோயாளிகளிடம் முதுகில் ஊசி போட்டும் முழு மயக்கம் கொடுத்தும் ஒப்பிட்டார்கள். குழப்பம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு.

சரி, என் கேள்விகள். உங்கள் வீட்டில் இப்படி இருந்தவர்கள் தெளிய எவ்வளவு காலம் ஆனது? முதலில் நரம்பியல் மருத்துவரா, முதியோர் நல மருத்துவரா? கிண்டி முதியோர் மருத்துவமனையில் ஞாபகப் பரிசோதனைக்குப் போனவர்கள் உண்டா? அப்புறம், ஹெர்னியாவுக்கும் அறுவை சிகிச்சை சொல்லியிருக்கிறார்கள். அவசரமில்லையாம். தள்ளிப் போடலாமா, மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே என்னென்ன கேட்க வேண்டும்? வல்லாரை லேகியம் வேண்டாம், ஏற்கெனவே மூன்று பாட்டில் வந்துவிட்டது.